தரகருக்கு வாய் வறண்டபோது

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு சுகர் கிளினிக்கில் என் நாற்காலிக்கு வந்த மகேஸ்வரிதான் பேசினாள்.

"அக்கா, சுகர்க்காரங்க பாதிப் பேரு வாய் வறளுதுன்னு சொல்லுதாங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல கால் எரிச்சலுக்குக் கட்டம் இருக்கு, கண் மங்கலுக்குக் கட்டம் இருக்கு. வாய்க்கு ஒரு கட்டத்தையும் காணோம். இதை எங்கன போட?"

"முதல்ல காதுல போட்டுக்கோ மகேஸ். கம்ப்யூட்டர்ல பொறவு போடலாம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "நீங்க அந்தக் கல்யாணத் தரகர் கதையை எழுதித்தான் தாங்களேன். இங்கன புதுசா வந்த பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்றாள். ஊசி போடச் சொன்னால் உடனே போட்டுவிடுவேன். எழுதச் சொன்னால் பேனா மூடியைத் திறக்கவே நேரமாகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அந்தத் தரகர் அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டேன். "தாராளமா எழுதுங்க நர்ஸம்மா, போட்டோ வேணுமா?" என்று கேட்டார். போட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் நர்ஸ் படிப்புப் படித்தது திருநெல்வேலியில். அந்த வருடங்களில் சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கவும், வலிக்காமல் ஊசி போடவும், வலித்தாலும் வலிக்கவில்லை என்று நோயாளியை நம்ப வைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். வாயைப் பற்றி நான் கற்றதெல்லாம், அதில் தெர்மாமீட்டர் வைக்க இடமுண்டு என்பது மட்டும்தான். பிறகு பிரசவ வார்டு, அடிபட்டவர் வார்டு என்று சுற்றி, கடைசியில் கோவில்பட்டிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் சுகர் கிளினிக்கில் வந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெறும்வரை எழுந்திருக்கவே இல்லை.

சுகர் கிளினிக் நாள் என்றால் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டு இன்னொரு தடவை. இடைப்பட்ட நேரத்தில் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடி ஒரு கல்யாணப் பந்திதான். தூக்குவாளியைத் திறப்பதும், "உனக்கு என்ன சட்னி?" என்று எட்டிப் பார்ப்பதும், "சுகருக்குத் தேங்கா ஆவாது" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவர் தேங்காய்ச் சட்னியைத் தொட்டுக்கொள்வதும் வழக்கமான காட்சி.

அந்தக் கூட்டத்தில் வாய் வறளுகிறது என்று யாரும் தானாக முன்வந்து சொல்ல மாட்டார்கள். நான் கேட்டால்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "கரிசக்காட்டுல பொறந்துட்டு வாய் வறளாம வேற என்ன செய்யும்? கம்மாயே வறண்டு கெடக்கு" என்பார்கள். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. டாக்டர் தேவசகாயம் மாற்றலாகி வரும்வரை இதுதான் நிலைமை.

அவர் மெல்லப் பேசுகிறவர். எவ்வளவு மெல்ல என்றால், கூட்டத்தில் எல்லோரும் தாமாகவே வாயை மூடிக்கொண்டு காதைத் தீட்டுவார்கள். யாரையும் திட்ட மாட்டார். நோயாளி பேசும்போது எழுத மாட்டார், போனைப் பார்க்க மாட்டார், பேனாவைக் கையில்கூட வைத்துக்கொள்ள மாட்டார். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், வெயிலுக்கு வறண்டா தண்ணி குடிச்சா அடங்கிரும். குடிக்கக் குடிக்க வறண்டா அது வெயில் இல்ல. அதைக் கேட்டுத்தான் ஆகணும்."

கேட்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில், "பையைக் கவுத்துங்க" என்பார். நாங்கள் கொடுத்த மாத்திரை, வெளியே வாங்கிய மாத்திரை, தும்மலுக்குப் போட்டது, தூக்கத்துக்குப் போட்டது எல்லாம் மேசைமேல் கொட்டப்பட வேண்டும். சில மாத்திரைகளே வாயை வறட்டிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அடுத்தது, பல் டாக்டர் அறையிலிருந்து வாங்கி வைத்த காம்புக் கண்ணாடி. அதைக் கன்னத்தின் உட்புறம் வைத்து மெல்ல இழுப்பார். எச்சில் இருந்தால் வழுக்கிக்கொண்டு வரும். இல்லையென்றால் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும். கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை பொரிகடலை. "தண்ணி இல்லாம மென்னு முழுங்கிட்டு உங்க ஊர்ப் பேரைச் சொல்லுங்க."

கழுகுமலைக்காரர்களும் மணியாச்சிக்காரர்களும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். நாலாட்டின்புதூர்க்காரர்கள் பாடுதான் பரிதாபம். "நாலா..." என்று மாவைப் பறக்கவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். மீதி ஊரை நான் சொல்லி முடிப்பேன்.

கழுகுமலையிலிருந்து செல்லத்தாய் என்று ஒரு அம்மா வருவார். தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் வேலை. கணவர் இறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டார். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், ஆனாலும் சுகர் இறங்கவே மாட்டேன் என்கிறது. டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். திறக்கத் தயங்கினார். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார். சொல்லும்போதே கடக் என்று பல்லில் ஒரு சத்தம்.

கடலை மிட்டாய். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமா? அந்த அம்மா கண் கலங்கச் சொன்னார்: "வாய் காஞ்சுபோவுது சார். இதை ஒதுக்கி வச்சுக்கிட்டாத்தான் எச்சி ஊறுது. தண்ணி குடிக்கலாம். குடிச்சா அடிக்கடி ஒதுங்கணும். ஆபீஸ்ல அந்த இடம் அந்தக் கடைசியில கெடக்கு, போயிட்டு வாரதுக்குள்ள வேலை கெட்டுப்போவும்."

"சுகரால வாய் வறளுது. வறட்சிக்கு மிட்டாய் போடுதீங்க. மிட்டாயால சுகர் கூடுது. செக்குமாடு சுத்துத மாதிரில்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"செக்குமாடு சுத்தினா எண்ணெயாவது வரும் சார்" என்றார் செல்லத்தாய். கலங்கிய கண்ணோடு அவர் அப்படிச் சொன்னதும் டாக்டரே சிரித்துவிட்டார். மிட்டாய்க்குப் பதில் சர்க்கரை இல்லாத சுவிங்கம், ஒரு மிடறு ஒரு மிடறாகத் தண்ணீர், ராத்திரி மறக்காமல் பல் தேய்ப்பது, சொத்தைப் பல்லுக்குப் பல் டாக்டர் என்று வழி செய்தோம். அவருடைய பையில் இன்னொரு மாத்திரையும் இருந்தது. கணவர் போன பிறகு வந்த மனச்சோர்வுக்காக ஒரு டாக்டர் கொடுத்தது. அதுவும் வாயை வறட்டுகிற ஜாதிதான். ஆனால் அது அவருக்கு வேண்டியிருந்தது. அதனால் டாக்டர் அதில் கை வைக்கவில்லை. இதை நான் எழுதலாமா என்று யோசிக்க வேண்டாம். அவரே பிற்பாடு பலர் முன்னால் சொல்லிவிட்டார். அதற்குத்தான் வருகிறேன்.

இப்போது தரகர். பெயர் வேலுச்சாமி. விளாத்திகுளம் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய நோயாளி. அவருக்குக் கிளினிக் நாள் என்றால் வரன் தேடும் நாள். வேப்பமரத்தடியில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் இருக்கிறது என்று விசாரித்து முடித்துவிட்டு மெல்ல என்னிடம் வருவார்.

"நர்ஸம்மா, அந்தா செவப்புச் சேலை கட்டியிருக்காவுளே, அவியளுக்குச் சுகர் எவ்வளவு நிக்குது?"

"எதுக்குக் கேக்குதீங்க அண்ணாச்சி?"

"ஒரு சம்பந்த விஷயம். சும்மா தெரிஞ்சு வச்சுக்கிடத்தான்."

"அதை அவியகிட்டயே கேளுங்க. இங்கன மாத்திரைதான் குடுப்போம், ஜாதகம் பாக்க மாட்டோம்."

கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தடவை பச்சைச் சேலையைப் பற்றிக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் வந்து பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர் பாட்டில். ஒரு வாய் குடிப்பார், உதட்டை நக்குவார், மறுபடி குடிப்பார். பக்கத்தில் கல்யாண வயதில் மூன்று மகள்கள் உள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, உடம்புக்கு என்ன?"

"நாக்கு... ஒட்டுது நர்ஸம்மா" என்றார். பிறகு தண்ணீர் குடித்துக் குடித்துச் சொன்னார். ஒரு பெண் வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது. பையன் தங்கமான பையன், ஒரு குறையும் கிடையாது. பெண்ணின் அப்பா, "பையன் குணம் எப்படி?" என்று கேட்டாராம். இவர், "குணம்..." என்று ஆரம்பிக்க நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடி "குணம்..." என்றார். மறுபடி ஒட்டியது. பெண்ணின் அப்பா எழுந்து, "தரகரே முழுங்குதாரு. என்னவோ இருக்கு" என்று சொல்லி எல்லோரையும் அனுப்பிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு வீட்டிலும் இதே கூத்து.

"இத்தனை வருசம் எம்புட்டுப் பொய் சொல்லியிருப்பேன் நர்ஸம்மா! அப்பெல்லாம் அருவி மாதிரி கொட்டிச்சு. உள்ளதை உள்ளபடி சொல்லுத அன்னைக்குப் பாத்து வறண்டுபோச்சே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. வாயை வைத்துப் பிழைக்கிற மனுசன். வயதும் ஆகிவிட்டது. வேறு தொழிலும் தெரியாது. ஊரில் அதற்குள், தரகர் ராசி போய்விட்டது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

டாக்டர் வழக்கப்படி பையைக் கவிழ்க்கச் சொன்னார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, பெண் போட்டோக்கள், பையன் போட்டோக்கள். வாயை வறட்டக்கூடியதாக அதில் எதுவும் இல்லை. ரத்தத்தில் சுகர் அழகாக நின்றது. கண்ணாடி கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. பொரிகடலையை வாயில் போட்டவர் ஊர்ப் பேரைச் சொல்லவே இல்லை. சைகை காட்டித் தண்ணீர் கேட்டார். டாக்டர் தாடைக்குக் கீழே, காதுக்கு முன்னால் எல்லாம் தடவி எச்சில் சுரப்பிகளைப் பார்த்தார். வீக்கமில்லை, வலியில்லை.

"சுகர் நல்லா இருக்கு. வாய் மட்டும் காயுது. எனக்குப் பிடிபடல அண்ணாச்சி. அடுத்த வாரம் வாங்க" என்றார். பிடிபடாததைப் பிடிபடவில்லை என்று நோயாளி முகத்தைப் பார்த்துச் சொன்ன டாக்டரை அதற்கு முன் நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்த வாரமும் அதே நிலைமை. டாக்டர் அன்று வாயை விட்டுவிட்டுக் காலுக்குப் போனார். சுகர்க்காரர்களுக்குப் பாதம் பார்ப்பது வழக்கம்தான். உள்ளங்காலில் ஒரு நைலான் நரம்பால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்.

"உள்ளங்காலு மிளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுதுன்னு முன்ன ஒரு நாள் சொன்னீங்களே?"

"அது நின்னுபோச்சு சார்" என்றார் தரகர் சந்தோஷமாக.

நானாக இருந்தால் நல்லது என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். டாக்டர் நைலான் நரம்பைக் கீழே வைத்தார்.

"எப்படி நின்னுச்சு?"

"தானா நின்னுபோச்சு சார்."

"தானா நிக்காது அண்ணாச்சி. ஒண்ணு, காலு மரத்துப்போயிருக்கணும். இல்ல, யாராவது மருந்து குடுத்திருக்கணும். கண்ணை மூடுங்க."

பெருவிரல், நடுப்பாதம், குதிகால் என்று மாற்றி மாற்றித் தொட்டார். தொட்ட இடமெல்லாம் தரகர், "தெரியுது, தெரியுது" என்றார்.

"காலு மரக்கல. அப்ப மருந்து. சிஸ்டர், கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

கதவைச் சாத்தினேன். தரகர் கண்ணைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். பிறகு வேட்டி மடிப்பை அவிழ்த்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். குரல் இறங்கிவிட்டது.

"எரிச்சல் தாங்காம திருநெல்வேலியில ஒரு நரம்பு டாக்டரைப் பாத்தேன் சார். இதைக் குடுத்தாரு. நல்லாக் கேட்டுச்சு. எம் மருமகன் அட்டையைப் பாத்துட்டுப் போன்ல தேடி, 'மாமா, இது மனநோய் மாத்திரை'ன்னுட்டான். அன்னையிலேருந்து மடியிலதான் வச்சிருக்கேன். அவனைத் தவிர வீட்டுல யாருக்கும் தெரியாது."

"ஏன்?"

"ஏன்னா கேக்குதீங்க? ஒவ்வொரு வீட்டுலயும் நான் கேக்குத மொதக் கேள்வியே, குடும்பத்துல யாருக்கும் மண்டைக்கு மாத்திரை உண்டாங்கிறதுதான். அதை வச்சு எத்தனை ஜாதகத்தை நானே தள்ளிவிட்டிருக்கேன்! இப்ப என் மடியிலயே அது இருக்குன்னா எவன் என்னை வாசப்படி ஏத்துவான்?"

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்த மெல்லிய குரலில், "இது மனச்சோர்வுக்கும் குடுக்குத மாத்திரை, எரியுத நரம்புக்கும் குடுக்குத மாத்திரை. உங்க கால் எரிச்சலுக்குத்தான் குடுத்திருக்கு. வாயை வறட்டுறதும் இதுதான்" என்றார்.

தரகர் பெருமூச்சு விட்டார். "அப்ப மனசுக்கு இல்ல, காலுக்குத்தான். நல்லவேளை."

"மனசுக்கே குடுத்திருந்தாலும் என்ன அண்ணாச்சி? காலு எரிஞ்சா மாத்திரை போடலாம், மனசு எரிஞ்சா போடக்கூடாதா?"

தரகர் மேசைமேல் இருந்த அட்டையை எடுத்தார். இந்த முறை அதை மடியில் செருகாமல் மற்ற மாத்திரைகளோடு பையில் போட்டார்.

டாக்டர், மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு, தரகரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த நரம்பு டாக்டருடன் போனில் பேசினார். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வேறொன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு மூன்று தடவை வந்துபோனதற்குள் வாய் ஈரமானது. முழுக்கப் பழைய அருவி இல்லை, வாய்க்கால் அளவுக்கு வந்தது. பொரிகடலையைத் தின்றுவிட்டு ஊர்ப் பேர், தெருப் பேர், அப்பா பேர், ஐந்து தலைமுறை என்று ஆரம்பித்தவரை, வெளியே கூட்டம் காத்திருக்கிறது என்று சொல்லி நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் மகேஸ்வரி என்னை எழுதச் சொல்லியிருக்க மாட்டாள்.

மணியாச்சியில் என் அக்கா பேச்சியம்மாள் இருக்கிறாள். அவள் மகன் கண்ணனுக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பு வேலை. அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். வாய் சரியான தரகர் அவர்கள் வீட்டுக்கு ஒரு ஜாதகம் கொண்டுபோனார். பெண் தேன்மொழி, கழுகுமலை, பள்ளிக்கூட டீச்சர். அக்கா எனக்குப் போன் போட்டாள்.

"ஏட்டி, பொண்ணோட அம்மா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வாராளாம். பேரு செல்லத்தாய். அவளுக்கு என்ன சீக்குன்னு கொஞ்சம் சொல்லு."

"அதை என்கிட்ட கேக்காதக்கா."

"நான் ஒன் அக்காடி!"

"நீ அக்காதான். அவிய என் நோயாளி."

போனைப் பட்டென்று வைத்துவிட்டாள். அதன் பிறகு பெண் பார்க்கப் புறப்படும்வரை என்னோடு பேசவில்லை. சித்தி இல்லாமல் போகக் கூடாது என்று கண்ணன் பிடிவாதம் பிடித்ததால்தான் என்னையும் வண்டியில் ஏற்றினார்கள்.

கழுகுமலை வீட்டில் செல்லத்தாய் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான் முன்பின் தெரியாதவள் மாதிரி, "வணக்கம்மா, நான் பையனுக்குச் சித்தி" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மிக்சர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

பெண்ணும் பையனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிடித்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதுதான் என் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"தரகரே, எல்லாம் சரி. வழக்கமா ஒண்ணு கேப்பீங்களே, அதைக் கேக்கலியே. குடும்பத்துல யாருக்கும் மண்டைக்கு மாத்திரை, அது இதுன்னு...?"

செல்லத்தாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். தரகர் என்னைப் பார்க்கவில்லை, செல்லத்தாயையும் பார்க்கவில்லை.

"அந்தக் கேள்வியை நான் விட்டாச்சு மதினி" என்றார். "ஏன்னா, அந்த மாத்திரையை நானே தின்னிருக்கேன். கால் எரிச்சலுக்குக் குடுத்தாக. மனசுக்கும் அதையேதான் குடுப்பாகளாம். தின்ன நாளெல்லாம் வாய்தான் வறண்டுச்சு, மண்டைக்கு ஒண்ணும் ஆவல. இந்தப் பொண்ணு ஜாதகம் போன வருசமே எங்கிட்ட வந்தது. அவிய அம்மாவைப் பத்தி யாரோ என்னமோ சொன்னாங்கன்னு, ஒரு வார்த்தை விசாரிக்காம நாந்தான் ஒதுக்கி வச்சேன். தப்பு என்னோடது. அதான் மொத வரனா இங்கன கூட்டியாந்தேன்."

செல்லத்தாய் தலைப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். அவ்வளவு அமைதியான அந்த அம்மா நிமிர்ந்து, தெளிவாகச் சொன்னார்: "நான் சாப்பிடுதேன் மதினி. எங்க வீட்டுக்காரரு போனப்ப மூணு மாசம் நான் எந்திரிக்கவே இல்ல. அந்த மாத்திரைதான் எந்திரிக்க வச்சுது. இப்பவும் சாப்பிடுதேன். மறைச்சுக் கட்டிக்குடுக்க எனக்கு இஷ்டமில்ல. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

என் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு இது முன்பே தெரியும் என்பது அவளுக்குப் புரிந்தது. நான் சொல்லாதது ஏன் என்பதும் புரிந்திருக்க வேண்டும். பிறகு கைப்பையைத் திறந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்து மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது சுகருக்கு, இது பிரஷருக்கு, இது தைராய்டுக்கு" என்றாள். "ஒங்க மாத்திரை ஒண்ணுதான் எங்கிட்ட இல்ல மதினி."

"எம் மாத்திரையைச் சொல்ல மறந்துட்டியே?" என்றார் அக்கா வீட்டுக்காரர், தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே. கூடமே சிரித்தது. அதுவரை வாயே திறக்காத தேன்மொழி, "இவரு ஏதும் மாத்திரை போட்டா அதையும் இப்பவே சொல்லிறச் சொல்லுங்க" என்றாள். கண்ணன் பதறி, "எனக்குக் குறட்டை மட்டுந்தான்!" என்றான். அன்றைக்கே பூ வைத்துவிட்டோம்.

கல்யாணம் கழுகுமலையில் நடந்தது. தரகர் டாக்டர் தேவசகாயத்தை நேரில் போய் அழைத்து, முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் வாழ்த்துரை என்று மைக்கைப் பிடித்தவர், பெண் வீட்டுப் பெருமை, பையன் வீட்டுப் பெருமை, ரயில்வேயின் பெருமை என்று போய்க்கொண்டே இருந்தார். இலை போட்டாகிவிட்டது. சமையல்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். தரகர் அப்போதுதான் பெண்ணின் தாய்மாமன் பெருமைக்கு வந்திருந்தார்.

டாக்டர் என் பக்கம் சாய்ந்து, எப்போதும் போல மெல்லிய குரலில் சொன்னார்:

"சிஸ்டர், நாம இவரை அந்தப் பழைய மாத்திரையிலயே விட்டிருக்கலாமோ?"